காசியில் 12 பாகை, தென்காசியில் 28

குற்றாலம் மெயினருவியில் காவலர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றும் பல நேரங்களில் அடிவாரத்தில் ஒரு சொட்டு மழைகூட இருக்காது. விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி வெளியே கொட்டத் தொடங்கும். தெளிவாக இருந்தது செம்மண் நிறமாகும். சருகும் ஒடிந்த சுள்ளியும் சேர்ந்து வரும். உடனே எல்லாரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: மேலே, செண்பகாதேவிப் பக்கம், நல்ல மழை. கண்ணில் பட்டது தண்ணீர். மழையை யாரும் பார்க்கவில்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி தன் சமயத்தின் கொள்கைகளை விளக்கும்போது இதே உதாரணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறான். கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்று சொல்வது ஒரு வகைக் கருதல், ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மலைத்தலையில் மழை பெய்தது என்று சொல்வது இன்னொரு வகை என்று அவன் பிரித்துக் காட்டுகிறான். இந்தப் பிரிவினை ஏட்டோடு நிற்பதல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. பார்த்ததிலிருந்து பாராததைச் சரியான நேரத்தில் கருதுவது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனாலும் வெள்ளம் மழையை நிரூபித்துவிடுகிறதா? மேலே ஓடையில் மரம் விழுந்து தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்திருக்கலாம். மண் சரிந்து நிறம் மாறியிருக்கலாம். இப்படிப்பட்ட மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்க விலக்கத்தான் வெள்ளம் மழைக்குச் சான்று என்ற தகுதியைப் பெறுகிறது. காட்சி வேறு, சான்று வேறு, நிரூபணம் வேறு. மாற்று விளக்கம் ஒன்று எதிரே நின்று, அதற்கும் நம் விளக்கத்துக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல வரும்போதுதான் ஒரு காட்சி சான்றாகிறது. எந்த மாற்று விளக்கத்தையும் பாதிக்காத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது யாருக்கும் சான்று இல்லை. வானியலில் இந்த வேறுபாடு மிகத் துல்லியமாகத் தெரியும். ஏனென்றால் அங்கே மேலே ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வர வழியில்லை. இதை விளக்குவதற்குப் பொதிகைச் சாரலில் உள்ளவர்களுக்கு மிக நெருக்கமான ஒரு விண்மீனே போதும்.

மாசித் தொடக்கத்தில், பிப்ரவரி நடுவில், இரவு ஒன்பது மணிவாக்கில் தென்காசியில் தெற்குப் பார்த்து நின்றால், உச்சிக்குக் கொஞ்சம் கீழே வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் தெரியும். அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து 28 பாகை உயரத்தில், பிரகாசத்தில் அதற்கு அடுத்த இடம் பெற்ற விண்மீன் நிற்கும். மேலைநாட்டார் அதைக் கேனோபஸ் என்கிறார்கள். நம் மரபில் அது அகத்திய நட்சத்திரம். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பிய இந்த ஊருக்கும், எந்த ஊரை நினைத்து அது எழுப்பப்பட்டதோ அந்தக் காசிக்கும் வடக்குத் தெற்காக 16 பாகைக்குச் சற்று மேலான அட்சரேகை இடைவெளி, அதாவது சுமார் 1,810 கிலோமீட்டர். காசியில் கங்கைக் கரையிலிருந்து பார்க்கும்போது அதே அகத்தியம் மிக உயர்ந்து நிற்கும் கணத்திலும் 12 பாகையைத் தாண்டுவதில்லை. டெல்லியில் 9 பாகைகூட இல்லை. காஷ்மீரத்தில் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும் அளவுக்குத் தாழ்ந்துபோகிறது. தெற்கே வர வர அகத்தியம் உயர்கிறது. இது காட்சி. இதில் விளக்கம் எதுவும் இன்னும் சேரவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் காசியில் பார்த்ததும் தென்காசியில் பார்த்ததும் ஒரே விண்மீன்தான் என்று எப்படித் தெரியும்? சிரியஸுக்குக் கீழே 36 பாகை தள்ளி இருக்கிறது, அதே பிரகாசம், அதே பருவம் என்பதால் அப்படிக் கொள்கிறோம். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போதே அளவைகளைப் பேசி, ஐயமும் திரிபும் நீங்கிய காண்டலே காண்டல் என்று வரையறுத்ததன் நியாயம் இங்கே விளங்கும். வெறும் கண் பார்ப்பது காட்சிக்கான மூலப்பொருள் மட்டும்தான்.

இனி இந்தக் காட்சி எதற்குச் சான்று? பூமி உருண்டை என்பதற்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த எவரும் சொல்வார்கள். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இது. பூமி தட்டையாக இருந்து, அகத்தியம் நமக்கு அருகில், தெற்குக் கடலுக்கு மேலே தொங்கும் ஒரு விளக்காக இருந்தாலும் தெற்கே போகப் போக அது உயரத்தானே செய்யும்? காசிக்கு 12, தென்காசிக்கு 28 என்ற இரண்டு அளவையும் வைத்து எளிய முக்கோணக் கணக்குப் போட்டால், அந்த விளக்கு தென்காசிக்கு ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர் தெற்கே, 630 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விடையும் கிடைத்துவிடுகிறது. உருண்டைப் பூமி, மிகத் தொலைவில் விண்மீன் என்பது ஒரு விளக்கம். தட்டைப் பூமி, அருகில் விண்மீன் என்பது மற்றொன்று. இரண்டு அளவுகளும் இரண்டு விளக்கங்களுக்கும் ஒரே மாதிரி ஒத்துப்போகின்றன. ஆகவே காசியும் தென்காசியும் மட்டும் சேர்ந்து பூமி உருண்டை என்பதற்குச் சான்று ஆகவில்லை. பாடப்புத்தகங்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன என்பது என் வருத்தம். முடிவு சரிதான்; ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கான உரிமையை மாணவனுக்கு அவை தருவதில்லை.

அந்த உரிமையைத் தருவது மூன்றாவது ஊர். சென்னையை எடுத்துக்கொள்வோம். உருண்டைப் பூமி என்றால் சென்னையில் அகத்தியத்தின் அதிகபட்ச உயரம் 24 பாகை இருக்க வேண்டும். தட்டைப் பூமி, தொங்கும் விளக்கு என்றால் 21 பாகைதான் வரும். மூன்று பாகை வித்தியாசம். ஒரு பாகைமானியின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அதன் விளிம்பு வழியாக விண்மீனைக் குறிபார்த்தால் ஒரு பாகைக்கு முன்பின்னாக அளந்துவிடலாம். சில நாள் அளந்து சராசரி எடுத்தால் சந்தேகத்துக்கே இடமிராது. சென்னையில் கிடைப்பது 24. இந்தக் கணத்தில்தான் காட்சி சான்றாகிறது, ஏனென்றால் இப்போது அது ஒரு விளக்கத்தைக் கைவிட வைக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. தட்டைப் பூமிக்காரர் காசி, தென்காசி அளவுகளைக் கொண்டு சிரியஸுக்கும் இதே கணக்கைப் போட்டால் அது 4,300 கிலோமீட்டர் உயரத்தில் வரும். அகத்தியமோ 630-இல் நிற்கிறது. இவ்வளவு வேறுபட்ட உயரங்களில் தொங்கும் இரண்டு விளக்குகளுக்கு இடையிலான கோண இடைவெளி ஊருக்கு ஊர் மாறியே தீர வேண்டும். சென்னையில் அது 38 பாகையைத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையில் காசி, சென்னை, தென்காசி, கொழும்பு எங்கிருந்து பார்த்தாலும் அந்த 36 பாகை அசைவதில்லை. விண்மீன்கள் நம் பயணத்தைப் பொருட்படுத்தாத தொலைவில் இருக்கின்றன என்பதற்கு இது தனிச் சான்று. அடிவானத்தை நம்பாத சான்று என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு.

இந்தக் கணக்கு புதியதல்ல. கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் இதே விண்மீனை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தைத் தொட்டு மறைகிறது, அலெக்சாந்திரியாவில் ஒரு வட்டத்தின் 48-இல் ஒரு பங்கு, அதாவது ஏழரைப் பாகை உயர்கிறது, இரண்டு ஊருக்கும் இடையே அன்றைய கிரேக்கத் தூர அளவில் 5,000 ஸ்டேடியம். ஆகவே சுற்றளவு 2,40,000 ஸ்டேடியம். தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரு ஊர்களின் அட்சரேகை இடைவெளி உண்மையில் ஐந்தேகால் பாகைதான். தூரத்திலும் பிழை இருந்தது. ஒரு பிழை இன்னொன்றை ஓரளவு சரிக்கட்டியது. நிரூபணம் என்று நாம் சொல்வது எங்கே வசிக்கிறது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. முக்கோணத்தின் பண்புகளும் வட்டத்தின் பண்புகளும் நிரூபிக்கப்பட்டவை. அவற்றில் மாற்றம் வராது. அந்த வடிவியலுக்குள் ஊற்றும் எண்களுக்கு அந்த உறுதி கிடையாது. ‘இந்த அளவுகள் சரியென்றால், ஒளி நேர்கோட்டில் வருமென்றால், விண்மீன் மிகத் தொலைவில் இருக்குமென்றால், சுற்றளவு இவ்வளவு’ என்பதுதான் வானியலில் நிரூபணத்தின் முழு வடிவம். அந்த ‘என்றால்’ ஒவ்வொன்றும் சான்றினால் தாங்கப்படுகிறது, நிரூபணத்தினால் அல்ல. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவை, ஊர்களுக்கு இடையிலான தூரத்தை உறுதியாக்கியது. அதன் பிறகு காசி–தென்காசிக் கணக்கைப் போட்டால் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்கு வெகு அருகில் வருகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். முழு நிரூபணம் ஒருபோதும் இல்லை என்றால் வானியலும் ஒரு நம்பிக்கைதானே, அதற்கு மட்டும் என்ன தனி மரியாதை? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வராகமிகிரரே ஒரு பாடம். கி.பி. 499-இல் ஆரியபட்டர் பூமிதான் சுழல்கிறது என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் அதை மறுத்தார்: பூமி சுழன்றால் வானில் பறக்கும் பருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பும்? பருந்து கூட்டுக்குத் திரும்புகிறது என்ற காட்சியில் பிழை ஏதும் இல்லை. காற்றும் பறவையும் பூமியோடு சேர்ந்து நகர்வதில்லை என்று சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஒரு ‘என்றால்’ உள்ளே ஒளிந்திருந்தது. அது விழுந்ததும் வாதமும் விழுந்தது. ஐரோப்பாவிலும் இதுதான் நடந்தது. 1610-இல் கலிலியோ வெள்ளிக் கோளின் பிறைகளைத் தொலைநோக்கியில் கண்டது, எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற தாலமியின் அமைப்பை வீழ்த்தியது. ஆனால் கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றுகிறது என்ற டைக்கோ பிராஹேயின் அமைப்பை அது தொடவே இல்லை. டைக்கோவின் அமைப்புக்கும், பூமியும் சூரியனைச் சுற்றுகிறது என்ற அமைப்புக்கும் வெள்ளியின் பிறை பொதுவான காட்சி. பூமி நகர்வதால் விண்மீன் ஒளி சாய்ந்து வருவதைப் பிராட்லி 1729-இல் வெளியிட்டு, அன்னத் தொகுதியின் 61-ஆம் விண்மீன் ஆண்டுக்கொருமுறை ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இடம் பெயர்வதைப் பெசல் 1838-இல் அளந்து சொன்ன பிறகே டைக்கோவுக்கு இடமில்லாமல் போனது. வானியலுக்குத் தனி மரியாதை எதனால் என்றால் இதனால்தான்: எந்த அளவு வேறாக வந்திருந்தால் தன் கூற்றைக் கைவிட வேண்டியிருந்திருக்கும் என்பதை அது முன்கூட்டியே சொல்கிறது. சென்னையில் 21 வந்திருந்தால் உருண்டைப் பூமியைக் கைவிட்டிருக்க வேண்டும். இப்படி ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பதை வெறும் நம்பிக்கை என்று சொல்வது நேர்மையாகாது.

இனி அகத்தியர் கதைக்கு வருவோம். சிவபெருமான் திருமணத்துக்கு எல்லாரும் கயிலையில் கூடியதால் வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்தது, சமன் செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டார், வழியில் விந்தியத்தைத் தாழ்த்தினார், கடலைக் குடித்தார், குற்றாலத்தில் திருமாலைச் சிவலிங்கமாக்கினார். இந்தக் கதையின் பின்னால் அகத்திய விண்மீன் இருக்கிறது என்ற கருத்து மதிக்கத்தக்கது. வானியலறிஞர் கே. டி. அபயங்கர் 2005-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார். பூமியின் அச்சு மெல்ல வட்டமிடுவதால் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அகத்தியம் இன்னும் தெற்கே கிடந்தது. கி.மு. 10,000 வாக்கில் இந்தியாவின் தென்கோடியில் மட்டும் அடிவானத்தை ஒட்டித் தெரிந்திருக்கும்; பிறகு படிப்படியாக வடக்கே உள்ளவர்களுக்கும் தெரிய வந்தது. விந்தியத்தைக் கடந்த முனிவர் கதை அந்த நிகழ்வின் நினைவாக இருக்கலாம். விண்மீனின் பழைய இருப்பிடம் உறுதியான கணக்கு. ஆனால் கதை அந்த நினைவுதான் என்பதற்குச் சான்று எங்கே? அச்சின் சுழற்சியே இல்லாவிட்டாலும், ஒரே தலைமுறையில் வடக்கிலிருந்து தெற்கே நடந்து வந்தவன் எவனும் அகத்தியம் விந்தியத்துக்குத் தெற்கே உயர்ந்து நிற்பதைக் கண்டிருப்பான். கதை இரண்டு விளக்கத்துக்கும் ஒரே மாதிரி ஒத்துப்போகிறது. இது காசி–தென்காசி நிலைமையேதான்; மூன்றாவது ஊர் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் கதையை வைத்து அகத்தியருக்கு ஆண்டு குறிப்பது சான்று அல்ல, அழகான ஊகம்.

கடலைக் குடித்த கதைக்கும் இதே நிலை. வட இந்தியாவில் அகத்தியம் விடியலில் முதன்முதலாகத் தென்படுவது மழைக்காலம் முடியும் தறுவாயில். ஆறுகள் வடிந்து நீர் தெளியும் பருவம் அது. அகத்தியர் உதிக்க நீர் தெளியும் என்ற மரபு அங்கே பிறந்தது இயல்பு. பிருகத் சம்ஹிதையில் வராகமிகிரர் இந்த விண்மீனுக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். அதில் அவர் சொல்லும் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: அகத்தியம் தோன்றும் நாளை ஒவ்வொரு தேசத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும், உஜ்ஜயினிக்குச் சூரியன் கன்னிக்குள் நுழைய ஏழு பாகை இருக்கும்போது அது நிகழும். அந்த அறிவுரையை அப்படியே ஏற்றுத் தென்காசிக்குக் கணக்கிட்டால் அகத்தியம் விடியலில் மீளுவது ஆடி மாதத்தை ஒட்டி வருகிறது. அப்போது குற்றாலத்தில் சாரல் உச்சத்தில் இருக்கும், சிற்றாறு கலங்கி ஓடும். விண்மீன்தான் நீரைத் தெளிவிக்கிறது என்றால் இங்கேயும் தெளிவித்திருக்க வேண்டும். வடக்கே இரண்டும் ஒன்றாக நிகழ்ந்தது உண்மை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது உண்மையல்ல. இடத்தை மாற்றிப் பார்த்தவுடன் அது தெரிந்துவிடுகிறது. அதேபோல வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்த கதையை, பூமியின் அச்சுச் சாய்வை முன்னோர் அறிந்திருந்ததற்குச் சான்றாகக் காட்டுபவர்களும் உண்டு. கதையில் அகத்தியர் பொதிகைக்கு வந்து அமர்ந்ததும் சாய்வு நேராகிவிடுகிறது. பூமியின் அச்சோ இன்றும் 23.4 பாகை சாய்ந்தே இருக்கிறது. கதையை வானியல் கூற்றாக எடுத்துக்கொண்டால் அது பொய்யாகிவிடும். கதையைக் காப்பாற்றப் போனவர்கள்தான் அதை அந்தக் கதிக்கு ஆளாக்குகிறார்கள்.

பக்தர் ஒருவர் இதைக் கேட்டு மனம் வருந்தலாம். சைவ சித்தாந்தம் காண்டல், கருதலோடு உரையையும் அளவையாக ஏற்கிறது. ஆப்த வாக்கியத்தை ஏற்காமல் எல்லாவற்றையும் பாகைமானியில் அளக்க முடியுமா என்று அவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நாமும் கேனோபஸ் 310 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாகச் சொல்லும்போது அளந்தவர்களின் உரையைத்தான் நம்புகிறோம். ஆனால் சித்தியார் உரைக்கு இடம் கொடுப்பது காண்டலும் கருதலும் எட்டாத பொருளுக்கு. எட்டும் பொருளில் உரையைக் கொண்டு காட்சியை மறுக்கச் சொல்லி அந்த மரபு யாரையும் ஏவவில்லை. குற்றாலநாதர் சந்நிதியில் கும்பிடுபவர் அகத்தியத்தின் உயரத்தைப் பற்றி எந்தக் கூற்றும் செய்யவில்லை. ஹரியும் சிவனும் ஒன்று என்பதை அந்தத் தலபுராணம் அவருக்குச் சொல்கிறது. குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்களும் விண்மீன் அட்டவணையாக வரையப்பட்டவை அல்ல. அந்த நம்பிக்கைக்கு வானியல் சான்று தேவையில்லை, வானியலால் மறுப்பும் இல்லை. ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்ற முத்திரையை அதன் மேல் குத்துவதுதான் ஆபத்து. நாளைக்கு எண் ஒன்று மாறினால் முத்திரையோடு நம்பிக்கையும் கிழிந்துபோகும். அதற்குள் மாணவர்கள் சான்று என்றால் ஒத்துப்போவது மட்டும்தான் என்று பழகிவிடுவார்கள். இரண்டாவது கேடுதான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது.

தென்காசிப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் பிப்ரவரியில் மாணவர்களிடம் பாகைமானி, நூல், கல் கொடுத்து இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் மாமாவோ சித்தியோ இருக்கும் பிள்ளைகள் அவர்களையும் அதே வாரத்தில் அளந்து சொல்லச் சொல்லட்டும். அளக்கும் முன்பே இரண்டு விளக்கங்களையும் கரும்பலகையில் எழுதி, 24 வந்தால் எது நிற்கும், 21 வந்தால் எது நிற்கும் என்று பிள்ளைகளையே சொல்ல வையுங்கள். விடையை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.